கண்ணாடித் தட்டில் என் தங்கை மகன்

ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தின் பதினொன்றாம் பத்தி தெளிவாகத்தான் இருந்தது. மாதிரி கொடுத்தவரின் உடல்நலம் குறித்து ஏதேனும் முடிவு தெரியவந்தால், அவர் விரும்பும் பட்சத்தில் அது அவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்படும். 'விரும்புகிறேன்' என்ற கட்டத்தில் என் தங்கை மகன் கட்டை விரலை வைத்தான். பட்டப்படிப்பு முடித்தவன்தான். கையெழுத்துப் போடவேண்டிய கோடு அவனுக்குத் தெரியவில்லை.

சாட்சியாக நான் கையெழுத்திட்டேன். பெரியகுளத்தில் அரசு அலுவலகக் கோப்புகளோடு வாழ்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். 'தெரிவிக்கப்படும்' என்பதில் யார் என்பதும் இல்லை, எப்போது என்பதும் இல்லை என்று கண்ணில் பட்டது. அந்த மாதிரி வாக்கியங்களை நானே நிறைய எழுதியிருக்கிறேன். வெள்ளை அங்கி போட்டவர்கள் எங்களைப் போல எழுதமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் கம்பத்திலிருந்து குமுளி மலைக்கு ஏலத்தோட்ட வேலைப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் பாதி மலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"மாமா, ஓரத்துச் சுவரு தெரியுது, மரம் தெரியுது. ரோட்டைத்தான் காணோம். நட்ட நடுவுல புகை மாதிரி நிக்குது."

வலது கண் முன்பே மங்கியிருந்தும் அவன் சொல்லவில்லை. இரண்டு மாதத்திற்குள் இடது கண்ணும் போனது. வலி இல்லை, சிவப்பு இல்லை. பார்த்தால் நல்ல கண்.

பெரிய கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கோளாறு விழியில் இல்லை, பார்வை நரம்பின் செல்களில் என்றார்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்புகள் உண்டு. அவற்றின் மரபணுவில் பிழை இருந்தால், அதிக சக்தி கேட்கும் பார்வை நரம்பு முதலில் சாகும். அந்த நோயாகவும் இருக்கலாம், வேறு சிலவாகவும் இருக்கலாம், சோதித்தால்தான் தெரியும் என்றார் மருத்துவர். அங்கேயே ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. ரத்தமும், கையின் உட்புறத்திலிருந்து மிளகளவு தோலும் எடுத்தார்கள். தோல் செல்லைக் கருவில் இருந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோய், அங்கிருந்து பார்வை நரம்புச் செல்லாகக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பார்களாம். அது ஏன் சாகிறது என்று பார்ப்பார்களாம். வெளியில் பணம் கட்டிச் சோதிக்கட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு சார் வீண் செலவு? ஆய்வுலயே முடிவு வந்துடும். மூணு மாசம்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

மூன்று மாதம் எங்களுக்குப் பெரிய கணக்கு. அவனுக்குப் பரிசம் போட்டிருந்தது. பெண் என் தம்பி மகள், முறைப்பெண். தம்பிக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். இதுவரை யாரையும் ஏமாற்றியதில்லை. ஆனால் காய்ப்பு குறையும் கொடியை அவன் அடுத்த பருவம் வரை விட்டுவைத்ததும் இல்லை. பந்தலடியில் வைத்தே பேசினான்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. அது தங்கச்சி புருஷன் வழியில வந்த சீக்கு. சொந்தத்துல கட்டினா ரெட்டிப்பா வரும்னு டாக்டர்மாரே சொல்றாக. என் பேரனும் தடவிக்கிட்டுத் திரியணுமா?"

அவனுக்குப் புரியட்டும் என்று மலையடிவாரத்தில் மின்சாரம் எடுக்கும் லோயர் கேம்ப் பவர் ஹவுஸை உதாரணத்துக்கு இழுத்தேன். செல்லுக்குள் அதுபோல ஒன்று. பிள்ளைக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வரும், தகப்பன் பங்கு ஒன்றுமில்லை. இந்த நோய்தான் என்று உறுதியானால், இவன் பிள்ளைகளுக்கு அது போகவே போகாது. அவர்களுக்கு உன் மகளுடையது போகும். உன் மகளுக்கு உன் பெண்டாட்டியிடமிருந்து வந்தது. ஊரெல்லாம் சொந்தத்தில் கட்டாதே என்று சொல்வது மற்ற நோய்களுக்குச் சரி. இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

"அப்ப அவனுக்கு யாரு வழி?"

"நம்ம ஆத்தா வழி. உனக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். எல்லாருக்கும் கண்ணு போறதில்ல. ஆத்தாவோட தம்பிக்கு எந்த வயசுல பார்வை போச்சுன்னு யோசிச்சுப் பாரு."

"அவரு கிரகணத்தைப் பார்த்தாரு. செத்துப்போன ஆத்தாளை எதுக்குண்ணே இங்கன இழுக்குறீக?" கத்தரிக்கோலை இடுப்பில் செருகினான். "நீங்க டாக்டரா? காயிதம் வாங்கியாங்க. பரிசத்தை நான் இன்னும் முறிக்கலை."

பஸ் நிறுத்தம் வரை தம்பி மகள் பின்னாலேயே வந்தாள்.

"பெரியப்பா, அவுகளுக்குக் கண்ணு தெரியலைன்னா நான் பார்த்துக்கிறேன். பிள்ளைக்கு வராதுன்னு மட்டும் எழுதி வாங்கிக் குடுங்க. அம்மா அங்கன வேற ஜாதகம் பார்க்குது."

எழுதி வாங்குவது என் தொழில். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று முறைப்படி முதல் கடிதம் எழுதினேன். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். பதில் இல்லை. நினைவூட்டு. இரண்டாம் நினைவூட்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். தாங்கள் தனியார் அறக்கட்டளை, சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது. அவர்கள் நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். குழு கூடும்போது பரிசீலிக்கப்படும் என்றார்கள். குழு எப்போது கூடும் என்று கேட்டேன். அதையும் குழு கூடும்போது முடிவு செய்வார்களாம். என் பணிக்காலத்தில்கூட இவ்வளவு அழகான வாக்கியம் எனக்கு வாய்த்ததில்லை.

நேரிலும் போனேன். ஒருங்கிணைப்பாளர் அன்பாகப் பேசினார். பையனுடைய செல்கள் மிக நன்றாக வளர்கின்றனவாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவற்றுக்கு உணவு மாற்றுகிறார்களாம். மின்சாரம் போனால் தனி ஜெனரேட்டராம். தட்டில் அவனுக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள்.

"முடிவு?"

"அது வேற பிரிவு சார்."

நானே வெளியில் சோதிக்கலாம் என்று கிளம்பியபோது சித்திரை முடிந்திருந்தது. வைகாசி வளர்பிறையில் தம்பி மகளுக்குச் சின்னமனூர்ப் பக்கத்து மாப்பிள்ளையோடு திருமணம் நடந்தது. பெரியப்பன் என்ற முறையில் தாம்பூலப் பை கொடுக்கும் இடத்தில் நின்றேன். மணமேடையிலிருந்து அவள் என்னைப் பார்க்கவில்லை. தங்கையும் மகனும் வரவில்லை. பத்திரிகையில் தாய்மாமன்கள், அத்தைமார்கள் வரிசையில் தங்கை பெயர் இருந்தது. அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

கடைசியில், ஐப்பசி பிறந்த பிறகு, உறை என் முகவரிக்கு வந்தது. எடுத்துக்கொண்டு அன்றே வடுகபட்டிக்குப் போனேன். தங்கை அங்கே மண்டிக்குப் பூண்டைத் தண்டு கிள்ளித் தரம் பிரித்துக்கொடுக்கிறாள். முற்றத்தில் பூண்டுக் குவியலுக்கு முன் அவளும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். தண்டு கிள்ளுவதற்குக் கண் தேவையில்லை என்று கற்றுக்கொண்டிருந்தான்.

"படிங்க மாமா."

அவன் பெயர் கடிதத்தில் இல்லை. எண்தான் இருந்தது. பார்வை நரம்பைத் தாக்கும் மைட்டோகாண்ட்ரியா பிழை உறுதி. தாய்வழியில் மட்டுமே கடத்தப்படும். ஆணான இவருடைய சந்ததிக்கு இது செல்லாது. அடுத்த பத்தியில் தாமதத்திற்கான காரணம் இருந்தது, அதை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. மரபியல் ஆலோசகர் மூலமாகவே முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆலோசகர் பணியிடம் காலியாக இருந்ததால், கையொப்பமான இக்கடிதம் அனுப்பப்படாமல் வைக்கப்பட்டிருந்தது. ஒத்துழைப்புக்கு நன்றி.

தங்கை கையிலிருந்த பூண்டைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப நாந்தான் குடுத்தேனாண்ணே?"

"நம்ம ஆத்தா குடுத்தது. எனக்கும் சேர்த்துத்தான்."

"உங்களுக்கு என்ன, பேப்பர் படிக்கிறீகள்ல" என்றாள். பிறகு அடுத்த பூண்டை எடுத்துக் கிள்ளத் தொடங்கினாள்.

அவன் மடியிலிருந்த தண்டுகளைத் தட்டிவிட்டான். அப்புறம், "மாமா, கையெழுத்துக்குக் கீழ என்ன தேதி போட்டிருக்கு?" என்றான்.

ஏப்ரல் பதினாறு என்று போட்டிருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய மாதம். கடிதத்தின் தேதி வேறு, பெறப்பட்ட தேதி வேறு, இரண்டையும் ஒருபோதும் குழப்பக்கூடாது என்று எத்தனையோ எழுத்தர்களைத் திட்டியிருக்கிறேன்.

"இன்னைக்குத் தேதிதான்டா" என்றேன். "அக்டோபர் இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை."