தள்ளுபடி என்று சொன்னேன்

நான் ஜூனியர் வக்கீலாகச் சேர்ந்த அலுவலகம் புனேயில் சிவாஜி நகர் கோர்ட்டிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. ஜூனியர்களுக்குத் தனி மேசை கிடையாது. முதலில் வருபவருக்கு ஜன்னலோர இடம், கடைசியில் வருபவருக்குக் காபி இயந்திரத்தின் பக்கத்தில். சுவரில் இருந்த பெரிய திரையில் எந்தக் கோர்ட் அறையில் எந்த வழக்கு, யார் போகவேண்டும் என்று வரும். என் பங்குக்கு நாளுக்கு ஏழெட்டு வழக்குகள். போய் நின்று, எங்கள் சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்று சொல்லி, அடுத்த தேதி வாங்கி வரவேண்டும். ஐந்து வருடம் சட்டம் படித்தவள். முதல் ஏழு மாதத்தில் நீதிபதி முன்னால் நான் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

சீனியரை எல்லோரும் மேடம் என்போம். கத்த மாட்டார், திட்ட மாட்டார். தப்புச் செய்தால், "பேட்டா, இதை நீ இன்னொரு தடவை படிச்சுப் பாரேன்" என்று இந்தியில் மெல்லச் சொல்வார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

வருடத்துக்குச் சில வழக்குகளை அலுவலகம் இலவசமாக எடுத்துக்கொள்ளும். அப்படி வந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, "நீ தமிழ்தானே?" என்று மேடம் என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஆமாமை யோசிக்காமல் சொன்னேன்.

கோர்படி ரயில்வே காலனியில் வளர்ந்தவள் நான். மூன்று தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் என்று சொல்லிக்கொள்வோம். "பாஜி வாங்கியாச்சா? ரிக்‌ஷாக்காரன் சுட்டா இல்லேங்கான்" என்கிற தமிழ். காய்கறிக்குப் பாஜி, சில்லறைக்குச் சுட்டா. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அவ்வளவுதான் என் படிப்பு.

வழக்கு ஒரு பையனுடையது. பையன் என்றால் என்னைவிட ஒரு வயது பெரியவன். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமம். புனேக்கு வெளியே சாகணில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. தங்கியிருந்த அறையில் ஏதோ சண்டை. ஒருவன் மாடிப்படியிலிருந்து விழுந்து செத்துப்போனான். தள்ளியது யார் என்பதில் மூன்று சாட்சிகளுக்கு மூன்று பதில். இவன் ஐந்து மாதமாக எரவாடா ஜெயிலில் இருந்தான்.

அவன் அம்மா அலுவலகத்துக்கு வந்தபோது செருப்பைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தார். நான் "உக்காருங்கம்மா" என்றதும் அவர் முகம் அப்படியே தளர்ந்தது.

"தமிழு பேசுற புள்ளையா நீ? போதும் சாமி. இந்த ஊருல யாரு என்ன சொல்றாங்கன்னே தெரியாம சுத்திக்கிட்டு இருந்தேன்."

அதிலிருந்து நான்தான் அவருக்கு எல்லாம். வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்வார். "பாப்பா, எம்புள்ள எப்ப வருவான்?" என்பதே கேள்வி. எனக்குத் தெரிந்த தமிழில் ஏதோ சொல்வேன். அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. ம், ம் என்பேன்.

ஜாமீன் மனுவை மேடமே வாதாடினார். நன்றாகத்தான் வாதாடினார். உத்தரவு சொல்லும் நாளில் அவருக்கு வேறு வேலை, என்னை அனுப்பினார். ஜாமீன் கிடைக்காமல் போனால் அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற பயத்தில், வராந்தாவில் நின்று போனில் தமிழ்ச் செய்திகளைத் தேடினேன். ‘ஜாமீன் மனு தள்ளுபடி’ என்று வரிசையாக வந்தது. வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சரியான சொல் கிடைத்துவிட்டது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உத்தரவு ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஜாமீன் இல்லை. வெளியே வந்தேன். அம்மா சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"என்ன பாப்பா சொன்னாரு ஜட்ஜு?"

"தள்ளுபடி ஆயிட்டும்மா."

"கேஸு தள்ளுபடியா?"

"ஆமாம்மா."

என் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். "நீ நல்லா இருக்கணும் தாயி" என்றார். கிடைக்காததற்கு ஏன் வாழ்த்துகிறார் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. பாடுபட்டதற்கு நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். போன் அதிர்ந்தது. இரண்டாவது மாடியில் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அழாதீங்கம்மா, அப்புறம் பேசுதேன்" என்று கையை விடுவித்துக்கொண்டு ஓடினேன். நல்லபடியாகத் தாங்கிக்கொண்டார் என்ற நிம்மதியோடு படியேறியது நினைவிருக்கிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஒரு மனுவுக்குப் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"பாப்பா, ஜெயில் வாசல்ல நிக்கிறேன். எத்தினி மணிக்கு விடுவாங்க? கேட்டா இவங்க ஏதோ இந்தியில சொல்றாங்க. நீ ஒரு வார்த்தை பேசுறியா?"

எனக்குப் புரிய சற்று நேரமானது. புரிந்ததும் எழுந்து பையை எடுத்துக்கொண்டேன். "அங்கேயே இருங்க, வாறேன்" என்றேன். போனில் சொல்லியிருக்கலாம். சொல்லத் தைரியமில்லை.

ரிக்‌ஷாவில் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. ஜெயில் வாசலுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அட்டைகூடப் பிரிக்காத நீலச் சட்டை, ஒரு கைலி.

"பழசோட வரக்கூடாதுல்ல" என்று பையைக் காட்டினார்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். "அம்மா, அவனை விட மாட்டாவ. ஜாமீன் கொடுக்கல."

"காலையில தள்ளுபடின்னியே?"

"தள்ளுபடின்னா கொடுக்கலன்னு அர்த்தம். பேப்பர்லயும் அப்படித்தான் போடுவாவ. நான் சரியாத்தான் சொன்னேன்."

அதுதான் நான் சொன்னது. மன்னிப்புக் கேட்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. ஏழு மாதப் பயிற்சி வீண்போகவில்லை. என் தரப்பை நிறுவினேன்.

அவர் பையின் வாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். கோபமாக இல்லை. "எங்க ஊருல நகைக்கடனைத் தள்ளுபடி பண்ணாங்க" என்றார். "கட்ட வேணாம், போன்னு நகையைக் குடுத்துட்டாங்க. நான் அப்படின்னுல்ல நெனச்சேன்."

பிறகு போனை எடுத்து ஊரில் மகளைக் கூப்பிட்டார். அங்கே பக்கத்து வீட்டாரெல்லாம் கூடியிருந்தார்கள் போல, பின்னால் சத்தமாக இருந்தது. "அவன் வரல" என்றார். மகள் ஏன் என்று கேட்டிருப்பாள். "வக்கீல் பாப்பாவுக்குத் தமிழு தெரியல" என்றார். வைத்துவிட்டார்.

பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். அவர் தங்கியிருந்தது தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில், தாபோடியில். ரிக்‌ஷாவில் கொண்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். "நடக்கும் பேட்டா. இனிமே கட்சிக்காரங்களுக்குச் சொல்றதை எழுத்துல அனுப்பிடு. நமக்குப் பாதுகாப்பு" என்றார். ஒரு வாரத்தில் அதற்கென்றே ஒரு படிவம் தயாரானது. உத்தரவு என்ன, விளக்கப்பட்டதா, கட்சிக்காரரின் கையெழுத்து. நல்ல யோசனை என்று எல்லா ஜூனியர்களும் சொன்னார்கள்.

அடுத்த முறை அம்மா அலுவலகத்துக்கு வந்தபோது கூட ஒருவர் வந்தார். தாபோடியில் இட்லிக் கடை வைத்திருப்பவர், முப்பது வருடமாகப் புனேயில் இருக்கிறவர். மேடம் இந்தியில் சொன்னார். அவர் தமிழில் சொன்னார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தே கேள்வி கேட்டார். நான் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். இட்லிக் கடைக்காரர் ஒரு இடத்தில் தடுமாறியபோது உதவலாமா என்று வாயெடுத்தேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது, "உனக்கு யாருட்டி தமிழ் சொல்லிக் கொடுத்தா? நாங்கதான். எங்களச் சொல்லணும்" என்றார். அதுவும் ஆறுதலாக இல்லை.

மும்பை ஹைகோர்ட்டில் போட்ட மனுவை, நீதிபதி சாதகமாக இல்லை என்று மேடமே திரும்பப் பெற்றுக்கொண்டார். எதிரான உத்தரவு பதிவாகாமல் இருக்கும், அது சரியான முடிவுதான். இட்லிக் கடைக்காரர் அதை அம்மாவுக்கு விளக்கினார். அம்மா படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு ஊருக்குப் போனார். நடவு இருந்தது.

நான் தமிழ் வாசிக்கப் பழகினேன். இப்போது தடுமாறாமல் வாசிப்பேன், எழுதவும் வருகிறது. அதனால் அந்த வழக்கில் எதுவும் மாறவில்லை. வேறு அலுவலகம் போகலாம் என்று இரண்டு முறை விண்ணப்பம் எழுதி, அனுப்பாமல் விட்டேன். போகிற இடத்திலும் சுவரில் ஒரு திரை இருக்கும்.

வழக்குக்கு நான்தான் இன்னும் போகிறேன். அவனைக் கோர்ட்டுக்கு அழைத்து வருவதில்லை. ஜெயிலிலிருந்து வீடியோவில் ஒரு சிறு கட்டத்துக்குள் தெரிவான். சில நாள் படம் உறைந்துவிடும், சில நாள் சத்தம் வராது. கிளார்க் பெயரைக் கூப்பிடுவார், அவன் கையை உயர்த்துவான். சாட்சி யாரும் வந்திருக்க மாட்டார்கள். நான் எழுந்து அடுத்த தேதியைக் குறித்துக்கொள்வேன். போன வாரம் குறித்தது இந்த வழக்கின் பதினான்காவது தேதி.