கம்பிக்கு உள்ளே மூன்று சால்

பொழிச்சலூரில் என் மகன் வீட்டு மாடியில் நிற்கும்போது விமானம் தலைக்கு மேல் தாழ்ந்து போகும். பேசிக்கொண்டிருக்கும் நாங்கள் பாதியில் நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவோம். அந்தச் சின்ன இடைவெளியில் எனக்கு ஈரமண் வாசனை வரும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள்.

எங்கள் கழனி தாம்பரத்துக்குக் கிழக்கே ஏரித் தண்ணீர் பாய்கிற பக்கம் இருந்தது. இப்போது எது என்று காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எல்லா இடமும் அதுதான் என்று தோன்றும்.

யுத்தம் நடந்த காலம். நான் மூன்றாவது படித்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, பல்லாவரத்தில் துணிக்கடையில் வேலை பார்த்து, சீமைத் துணியைத் தொடமாட்டேன் என்று சொல்லி வேலையை விட்டவர். கதர் வேட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கி, சாயங்காலம் புளியமரத்தடியில் ஊர் ஆட்களை உட்கார வைத்துப் பேசுவார். உப்புக்கு வரி போட்ட கதை, நெசவைக் கெடுத்த கதை எல்லாம் சொல்வார். ஆட்கள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார்கள். முடிவில் அவர் எழுந்து கோஷம் போடுவார். திருப்பிச் சொல்ல ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "அது கெடக்கட்டும், மதகு எப்போ தொறப்பாங்களாம்?" என்று யாராவது கேட்பார்கள்.

அப்பாவுக்கு மாமா என்றால் கேலிதான். "மச்சான், நீ போயி ராஜாவா ஆயிட்டு வா. அதுவரிக்கும் நான் ஏர் ஓட்டிகினு கீறேன்" என்பார். மாமா சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொள்வார்.

அறுப்பு முடிந்த நேரம் மணியக்காரர் வந்தார். விமானம் இறங்க இடம் வேண்டுமாம், பட்டாளத்துக்காரர்கள் கேட்கிறார்களாம், சண்டை முடிந்தால் திருப்பித் தந்துவிடுவார்களாம். அப்பா கைநாட்டு வைத்தார். அதை அவர் காளையை இரவல் கொடுப்பது போலத்தான் எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஒருவர் காளையை இன்னொருவர் மாதக்கணக்கில் வைத்துக்கொள்வதுண்டு. ஆனால் மாட்டுப்பொங்கல் அன்று அது சொந்தக்காரர் வாசலுக்கு வந்துவிட வேண்டும். இரவல் வாங்கியவரே குளிப்பாட்டிக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போவார், மறுநாள் மறுபடி ஓட்டிப் போவார். அதே மாதிரி சித்திரை முதல் நாள், வருஷத்தின் முதல் உழவாக நல்லேர் பூட்டி மூன்று சால் ஓட்டுகிற அன்றைக்கு மட்டும், கழனி தன் கைக்கு வரும் என்று அப்பா நம்பினார். வெள்ளைக்காரனுக்கு அது சொல்லாமலே தெரியும் என்றும் நம்பினார்.

சித்திரை பிறந்தது. காளைகளுக்கு மஞ்சள் பூசி, கொம்பில் பூச்சுற்றி, அப்பா முன்னால் போனார். அம்மா ஊற வைத்த பச்சரிசியில் வெல்லமும் எள்ளும் கலந்து, அந்தக் காப்பரிசித் தட்டை என் கையில் கொடுத்திருந்தாள். நல்லேர் அன்று வரப்பில் முதலில் வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் ஒரு பிடி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வருஷம் கழனி வாய் திறக்காது என்பார்கள். நான் வாய் திறக்காத பெண். எனக்கு அந்த வேலை பயமாகவும் பெருமையாகவும் இருந்தது.

கழனியைச் சுற்றி முள்கம்பி. காவலுக்கு நின்றவர் நம் ஆள்தான், வேறு ஜில்லாக்காரர்.

"ஐயா, மூணே மூணு சாலு. ஓட்டிட்டு வந்துடறேன்" என்றார் அப்பா.

"இன்னாய்யா, துப்பாக்கி கண்ணுக்குத் தெரியலியா?"

"தெரியுது. ஏரு உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வழி விடவில்லை. அப்பா திரும்பவும் இல்லை. வெயில் ஏறி, கம்பிக்கு அப்பால் தரை தண்ணீர் போல் நெளிந்தது. காளைகள் அந்தத் தண்ணீருக்குள் நிற்பது போல் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால், தங்கள் கழனியில் நல்லேர் முடித்தவர்கள் ஒவ்வொருவராக ஏரோடு வந்து எங்கள் பின்னால் நின்றிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. மொத்தம் ஏழு ஏர். மணிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

மாமா அப்பாவின் காதருகே வந்து, "கட்சி கமிட்டியில கேட்டுட்டு வந்துடறேன், நாளிக்கி செய்யலாமே" என்றார்.

"நாளிக்கி சித்திரை ரெண்டு, மச்சான்" என்று சொல்லிவிட்டு, அப்பா ஏர்க்காலால் கம்பியைத் தூக்கிப் பிடித்தார்.

காவல்காரர் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுத்தார், அப்புறம் எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி தோளிலேயே மாட்டிக்கொண்டு ஆபீசு பக்கம் ஓடினார். ஏர்கள் குனிந்து உள்ளே போயின. மாமாவும் நுழைந்தார். அவருடைய கதர் வேட்டி முள்ளில் மாட்டி முழங்கால் வரை கிழிந்தது. முதல் சால் ஓடும்போது மண் புரண்டு, அந்த வாசனை எழும்பியது.

வரப்பில் முதலில் வந்து நின்றவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. வயது குறைவு, முகமெல்லாம் வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது. எல்லாரும் அசையாமல் நின்றார்கள். எனக்கு வழக்கம் ஒன்றுதான் தெரியும். தட்டை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பிடி எடுத்துத் தின்றார். விரலில் ஒட்டிய எள்ளையும் விடவில்லை. அப்பாவிடம் கையை ஆட்டி ஏதோ சொன்னார். முடி, முடி என்பது போல் இருந்தது. மூன்றாவது சால் முடியும்வரை வெயிலில் நின்றார்.

முடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, போலீஸ் வண்டிக்கு ஆள் அனுப்பினார்.

அப்பாவையும் மாமாவையும் ஏற்றினார்கள். வண்டியிலிருந்து மாமா வழக்கம்போலத் தனியாகக் கோஷம் போட்டார். முதன்முறையாக அதற்குப் பதில் வந்தது. ஆறு ஏர்க்காரர்களும் சேர்ந்து சொன்னார்கள். வண்டிக்குள்ளிருந்து வந்த ஏழாவது குரல் அப்பாவுடையது.

அவர்கள் திரும்பி வர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் கிணற்றடியில் எனக்குப் பேச்சு விழுந்தது. "இன்னாடி, வெள்ளக்காரனுக்கு விருந்து வெச்சவளே, உங்கப்பனுக்கு இன்னா வெக்கப் போற?" என்பார்கள். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டே வருவேன். ஒரு பிடிக்குப் பதில் இரண்டு பிடி கொடுத்திருந்தால் அப்பாவை விட்டிருப்பாரோ என்று படுக்கையில் யோசிப்பேன்.

அப்பா இளைத்து வந்தார். அன்று சாயங்காலம் புளியமரத்தடியில் பேசியது அப்பா, கேட்டது மாமா. நான் அப்பாவின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"அந்த ஆபீசர் கெட்டவனாப்பா?" என்று ஒருவர் கேட்டார்.

அப்பா, "நல்லவன்தான். மூணு சால் முடியறவரிக்கும் நின்னான் இல்ல. ஆனா என் கழனியில நான் ஏரு ஓட்ட அவன் நல்லவனா இருக்கணுமா? அவன் போவணும். அவங்க எல்லாரும் போவணும்" என்றார்.

எல்லாரும் மெதுவாகத் தலையாட்டினார்கள். அன்று யாரும் மதகைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு மட்டும் அப்பாமேல் கோபம் வந்தது. நம் கழனியில் நின்று நம் காப்பரிசி தின்ற ஆளை, நல்லவர் என்றும் சொல்லிக்கொண்டு, போ என்று சொல்வது எந்த ஊர் வழக்கம் என்று நினைத்து, அவர் முதுகிலிருந்து எழுந்து அம்மாவிடம் போய்விட்டேன்.