மூன்றாவது ஆளின் முறை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வங்கிக் கணினிகளுக்குப் பாதுகாப்பு வடிவமைப்பது என் தொழில், சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம். நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

தென்னூரில் ஒரு சின்ன வங்கி. ஏடிஎம் கார்டுகளின் ரகசிய எண்ணைச் சரிபார்க்க அங்கே ஒரு பெட்டி உண்டு. அது வேலை செய்ய ஒரு தாய்ச்சாவி வேண்டும், சாவி என்றால் நீளமான ரகசிய எழுத்துக்கோவை. அதை மூன்றாகப் பிரித்து மூன்று பேரிடம் கொடுத்திருந்தேன். ஒருவர் தன் பகுதியைத் தட்டும்போது மற்றவர்கள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், அவர் "திரும்பலாம்" என்ற பிறகுதான் திரும்ப வேண்டும். மூவரில் ஒருவர் குறைந்தாலும் நடக்காது என்று பெருமை வேறு பேசிக்கொண்டேன். மாற்று ஆள் வைக்கத் தோன்றவில்லை, மடத்தனம்.

மேலாளர் வேதவல்லி ஸ்ரீரங்கத்துக்காரர். செல்வம் கணினிப் பிரிவு. மூன்றாமவர் காசாளர் யூசுஃப் பாய், ஒற்றை விரலால் நாலு நாலு எழுத்தாக நிறுத்தி நிறுத்தித் தட்டுவார். திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடுவதற்குள் ஏசி பழுதுபார்க்க வந்தவர் பெட்டியை நகர்த்திவிட்டார். அசைத்தால் திருடன் என்று நினைத்துச் சாவியைத் தானே அழித்துக்கொள்ளும் பெட்டி அது. எல்லாக் கார்டும் நின்றுபோயின, என்னை வரச் சொன்னார்கள்.

பாயின் பகுதி எழுதிய உறை பெட்டகத்தில் இருந்தது. பிரித்தால், ஈரம் பட்டு மை மொத்தமும் கரைந்திருந்தது. புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார், மனைவிக்கு ஆபரேஷனாம், கையில் கார்டைத் தவிர ஒன்றுமில்லையாம்.

நட்டநடுப்பகல். வேதவல்லியும் செல்வமும் எதற்கென்று தெரியாமலேயே தங்கள் பகுதிகளைத் தட்டி முடித்தார்கள். மூன்றாவதைக் கேட்டுத் திரை காத்திருந்தது. வேதவல்லி மெதுவாகச் சொன்னார், "அடுத்தது பாய் முறைதானே. திரும்பிண்டு நில்லுங்கோ."

விளையாட்டா, துக்கமா தெரியவில்லை. அவர்கள் இருவரும் நானுமாக மூவரும் திரும்பி நின்றோம்.

தட்டும் சத்தம் கேட்டது. ஒற்றை விரல். நாலு தட்டு, நிறுத்தம். மறுபடி நாலு. சத்தியமாகச் சொல்கிறேன், பயம் வரவில்லை. சன்னிதியில் திரை விலகக் காத்து நிற்கும்போது ஒரு சிலிர்ப்பு வருமே, அதுதான் வந்தது. கண் நிறைந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் திரையில் சரிபார்ப்பு எண், மூன்று பகுதியும் சரியாக விழுந்தால் மட்டும் வருவது. பதிவேட்டில் இருந்த பழைய எண்ணோடு அப்படியே பொருந்தியது. "சார், உங்களுக்கும் கேட்டுச்சுல்ல?" என்றான் செல்வம். கொஞ்ச நேரத்தில் புத்தூர்க்காரர் பணம் கட்டிவிட்டதாகச் சொல்லி அழுதார்.

அன்று மாலையே கேமராப் பதிவைப் பார்த்தேன். விசைப்பலகை தெரியக்கூடாது, சுவரைப் பார்த்து நிற்பவர்களின் முகம் மட்டும் பக்கவாட்டில் தெரிய வேண்டும் என்று கேமராவை வைக்கச் சொன்னதும் நான்தான். சத்தமில்லாத படம். நாங்கள் மூவரும் சுவரைப் பார்த்து நிற்கிறோம், எங்கள் கைகள் அசையவில்லை, உதடுகளும் அசையவில்லை. பிறகு மூவரும் ஒரே நொடியில், சேர்ந்து திரும்புகிறோம்.

என் காதில் எந்தக் குரலும் விழவில்லை. மற்ற இருவருக்கும் அப்படித்தானாம். ஆனால் தட்டியவர் "திரும்பலாம்" என்று சொல்லாமல் நாங்கள் ஒருநாளும் திரும்பியதில்லை.