எஞ்சினில் உருகிய பாலியஸ்டர்

நூறு சதம் பருத்தி என்று எழுதிய மூட்டையில் பாலியஸ்டரைக் கலந்தது எங்கள் முதலாளிதான். கொளுத்தினால் பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகும்; ஒரு துண்டைக்கூட அப்படிக் கொளுத்திப் பார்க்காமல் அனுப்பியது என் தப்பு.

புதுப்பித்த நீராவி எஞ்சின் திருப்பூர் ஸ்டேஷனுக்கு வந்த அன்று, அதைத் துடைக்க எங்கள் குடோனின் பனியன் வேஸ்ட், அதாவது பனியன் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிதான் போனது. எஞ்சின் பைத்தியமான நான் லீவு போட்டுவிட்டு முன்னால் போய் நின்றேன். எஞ்சின் ஃபிட்டர் துடைக்கத் துடைக்க, கொதிக்கும் புகைபோக்கியின் பித்தளை வளையத்தில் துணி உருகிக் கறுப்பாக ஒட்டிக்கொண்டது.

"யாரு கொடுத்த துணி இது? இப்படியே எப்படிக் கிளப்புறது?" என்று ஃபிட்டர் கத்தினார்.

"நாந்தானுங்க கட்டி அனுப்புனேன். நானே தொடைச்சுத் தர்றனுங்க."

சட்டைக்குள் போட்டிருந்த பருத்திப் பனியனை உருவிக்கொண்டு மேலே ஏறினேன்.

"ஏனுங்க, பனியன் விளம்பரமா?" என்று கூட்டம் சிரித்தது.

கை சுடச்சுடச் சுரண்டித் தேய்த்தேன். கடைசியில் வளையத்தில் என் முகம் தெரிந்தது.

ஃபிட்டர் என்னை எஞ்சினுக்குள் ஏற்றி, "இழுங்க" என்றார். விசிலை நான்தான் இழுத்தேன். சிரித்த கூட்டமே கை தட்டியது. தப்பை ஒப்புக்கொண்டவனுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

முதலாளி, நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். அடுத்த வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், நீங்கள் பதில் சொல்லுங்கள்: ஏன் கலந்தீர்கள்?