முழங்கால் மடக்காமல் வாங்கிய திருவிருந்து

எனக்கு அருமையான சபையாரே, உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், பருத்தி எடுப்பு நேரத்தில் என் இரண்டு முழங்காலும் என்னைக் கைவிட்டன. எங்கள் ஊர் பாலவனத்தத்துக் கரிசலில் சின்ன வயசிலிருந்து குனிந்து நிமிர்ந்தவள் நான். அந்த வருஷம் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எலும்போடு எலும்பு உரசுகிற மாதிரி நோவு. வெளிக்கிருந்துவிட்டு எழும்பக்கூட மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த வெட்கத்தை என்ன சொல்ல!

நோவைவிட எனக்கு ஆத்திரம் மூட்டியது ஒரு பேச்சு. திருவிருந்து நாளில் அப்பம் வாங்க எல்லாரும் பீடத்தின் முன் முழங்கால்படியிட்டார்கள். என்னால் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் சபை மூப்பர் கிட்டே வந்தார்.

"மனசுல பணிவு இருந்தா காலு தானா மடங்கும்மா. உள்ள என்ன பாவத்த மறைச்சு வச்சிருக்கீகளோ, அத அறிக்கை பண்ணுங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

அந்த ஆலயம் கட்டக் கல் சுமந்த கால் இது! அப்பம் வாங்காமலே திரும்பினேன்.

வீட்டில் என் புருஷன், "நீ எந்திரிக்கவே வேணாம், படு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் படுத்தேன். மழைக்காலமும் போயிற்று. தொடை இரண்டும் சூம்பிப் போயின. நோவோ கூடிற்று. ஒரு நாள் ஜெபம் வரவில்லை. ஆண்டவரோடு சண்டைதான் போட்டேன். "பாவம்னா என்ன பாவம்னு சொல்லும். இல்லேன்னா என்னைய நடக்க வையும்!" என்று கத்தி அழுதேன்.

கிறிஸ்மஸுக்கு எஸ்தர் வந்தாள். என் அண்ணன் மகள். சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். என் தொடையை அமுக்கிப் பார்த்ததும் அவளுக்கும் கோபம் வந்தது.

"யாரு அத்தே உங்களப் படுக்கச் சொன்னது? தேஞ்ச முழங்காலு தேஞ்சதுதான். ஆனா தொடைச் சதைக்குப் பலம் வந்தா பாரத்த அது தாங்கிக்கிரும். குண்டடி பட்ட சிப்பாய்களயே இப்பிடித்தான் நடக்க வச்சோம்."

என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துக் கணுக்காலில் சின்ன மணல் பையைக் கட்டினாள். காலை நீட்டித் தூக்கி மெல்ல இறக்கச் சொன்னாள். கை ஊன்றாமல் எழச் சொன்னாள். உயிர் போயிற்று. நடக்க வையும் என்று கேட்டால் இன்னும் நோகடிக்கிறாரே என்று ஆண்டவர்மேல் கோபம். அவள்மேலும் கோபம். "கொலகாரி" என்று திட்டினேன்.

"திட்டிக்கிட்டே தூக்குங்க" என்றாள்.

அவள் ஊருக்குப் போன பிறகும் விடியலிலும் அந்தியிலும் ஜெபித்துக்கொண்டே தூக்கினேன். வெயில் தொடங்கும்போது ஊருணி வரை நடந்தேன். பிறகு பருத்திக் காடு வரை. நோவு முழுக்கப் போகவில்லை; பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் யாரையும் கூப்பிடாமல் எழுகிறேன். பருத்தி எடுக்கிறேன். ஸ்தோத்திரம்!

உயிர்த்தெழுந்த பண்டிகையன்று பீடம் வரை நடந்துபோய் நின்றேன். முழங்கால் போட வேண்டாம் என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். மூப்பர் வாயைத் திறந்தார்.

"ஆண்டவரு நிக்க வச்ச காலு இது. மடக்கச் சொல்ல நீங்க யாரு?" என்றேன்.

போதகர் அப்பத்தை என் கையில் வைத்தார்.

அக்கா தங்கைமாரே, நோவில் கிடக்கிறவர்களைப் பாவி என்று சொல்லாதீர்கள். நோவில் கிடக்கிறவர்களே, கோபத்தோடாவது ஆண்டவரிடம் கேளுங்கள். அதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் அனுப்புகிற உதவி முதலில் வலிக்கும். வலிக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள். ஜெபித்துவிட்டுப் படுத்தே கிடக்கவும் வேண்டாம். ஜெபித்துக்கொண்டே எழுந்திருங்கள்.