கணக்கு மாஸ்டரின் கைராசி

தேயிலை விலை பாதாளத்துக்குப் போன வருடங்களில், குன்னூருக்குக் கீழே இருந்த ஒரு பேக்டரியில் ரவிச்சந்திரன் டீ மேக்கராக வேலை பார்த்தார். பச்சை இலையை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தால் போதும், இன்னும் எவ்வளவு நேரம் வாட்ட வேண்டுமென்று சொல்லிவிடுவார். விலை விழுந்ததும் விவசாயிகள், பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்று செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். பேக்டரி ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடியது; பிறகு வாரத்துக்கு ஒரு நாள்; பிறகு முதலாளி பெரிய பூட்டாக ஒன்றை வாங்கிவந்தார். வீட்டில் சும்மா இருந்த ரவிச்சந்திரன், மனைவி சுகுணா வைக்கும் குழம்பையெல்லாம் முகர்ந்து பார்த்துக் கருத்துச் சொல்ல ஆரம்பித்தார்.

சுகுணா தையல் வேலை செய்பவள். மேல் ரோட்டில் இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்கு யூனிபார்ம் அவள்தான் தைத்தாள். அங்கே படித்ததெல்லாம் எஸ்டேட் மேனேஜர்கள், டாக்டர்கள், காய்கறி மண்டிக்காரர்கள் ஆகியோரின் பிள்ளைகள். தேயிலை கவிழ்ந்ததிலிருந்து இந்தப் பெற்றோர்களுக்கு ஒரே கவலைதான். பிள்ளை எப்படியாவது மலையிறங்கி இன்ஜினியராகிவிட வேண்டும். முன்பெல்லாம் கல்யாண வீட்டுப் பந்தியில் தூள் கிலோ என்ன விலைக்குப் போனது என்று விசாரித்தவர்கள், இப்போது கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்று விசாரித்தார்கள். பதில் சொல்பவர் எப்போதும் கொஞ்சம் குறைத்துச் சொல்வார். கேட்பவர் அதை நம்பவே மாட்டார்.

ஒருநாள் டாக்டர் மனைவி வாசுகி, ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள்.

"எங்க பொண்ணு செல்வி பிளஸ் டூ வந்துட்டா. கணக்குக்கு நல்ல ஆளே கிடைக்க மாட்டேங்குது சுகுணா. வாரா வாரம் கோயமுத்தூருக்கு அனுப்பறோம். அதுவும் பத்தல" என்றாள்.

வாயில் குண்டூசி வைத்திருந்த சுகுணா அதை எடுத்துவிட்டு, "எங்கூட்டுக்காரரு பி.எஸ்ஸி. கணக்குதானுங்க" என்றாள்.

உள்ளே புளிக்குழம்பை முகர்ந்துகொண்டிருந்த ரவிச்சந்திரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊட்டி கல்லூரியில் அவர் பட்டம் வாங்கியது வாஸ்தவம். ஆனால் அதற்குப் பிறகு அவர் போட்ட பெரிய கணக்கு, நூறு கிலோ பச்சை இலைக்கு எத்தனை கிலோ தூள் என்பதுதான்.

"ஏனுங்க, வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. ஊட்டுல இருந்து என் குழம்புக்கு மார்க்குப் போடறதுக்கு, அந்தப் புள்ளைக்குப் போடலாமில்ல" என்றாள் சுகுணா, வாசுகி போனபிறகு.

ஐந்து பேர் வந்தார்கள். செல்வி, எஸ்டேட் மேனேஜர் லூயிஸின் மகன் லெஸ்லி, அவர்களுடைய வகுப்புத் தோழர்கள் மூன்று பேர். ஐவருக்கும் ஏற்கெனவே ஆளுக்கு மூன்று டியூஷன் இருந்தது. சென்னையிலிருந்து தபாலில் பாடக்கட்டுகளும் வந்தன. முதல் நாளே லெஸ்லி ஒரு தொகையீட்டுக் கணக்கைக் காட்டி, "சார், இதுக்கு இன்னொரு வழி இருக்கா?" என்று கேட்டான். முதல் வழியே ரவிச்சந்திரனுக்குத் தெரியவில்லை.

"நீ போடு, பாக்கறேன்" என்றார்.

லெஸ்லி போட்டான். அவருக்குப் புரியவில்லை. "எல்லாத்துக்கும் புரியற மாதிரி இன்னொருக்கா சொல்லு" என்றார். அவன் நிதானமாகச் சொன்னான். மற்ற நால்வரும் தலையாட்டினார்கள், அவரும் ஆட்டினார். வருடம் முழுக்க இப்படியே நடந்தது. பிள்ளைகள் முறைவைத்து அவருக்குப் பாடம் நடத்தினார்கள். அவர் சுக்குக் காப்பி போட்டுக்கொடுத்தார்.

நுழைவுத்தேர்வு முடிந்து கவுன்சலிங் நடந்தபோது லெஸ்லிக்குச் சென்னையில் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. செல்விக்குக் கோயமுத்தூரில். மற்ற மூவரும் மதுரை, திருச்சி என்று நல்ல கல்லூரிகளுக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் ஐந்து பேரின் படத்தையும் போட்டு ரோட்டோரம் ஒரு போர்டு வைத்தது. போர்டைப் பார்த்த எந்தத் தாயும் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "டியூஷன் எங்கே?" என்றுதான் கேட்டார்கள்.

வாசுகி வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு இரண்டாவது பெண் இருந்தாள். "மாஸ்டர், நாங்க இங்கே வர்றது யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தாள். காரைக்கூட ரேஷன் கடைப் பக்கம் நிறுத்திவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு இறங்கி வருவாள். டாக்டர் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு தொழிலாளர் லைன் வீடுகளுக்கு நடுவே போனால் அந்த ஊரில் எத்தனை நாளைக்கு ரகசியமாக இருக்கும்? ஆடி மாதம் முடிவதற்குள் ரவிச்சந்திரன் வீட்டுச் சரிவில் கார்கள் வரிசைகட்டின. காரட் ஏற்றிவந்த டெம்போக்காரர் ஒருவர் வழி கிடைக்காமல் ஹாரனை அடித்தே ஓய்ந்துபோனார்.

ரவிச்சந்திரன் எல்லோரிடமும் உண்மையைத்தான் சொன்னார். "நா ஒண்ணும் சொல்லித் தரலீங்க. அந்தப் புள்ளைகளே நல்லாப் படிக்கிற புள்ளைக."

"பெரிய மனுசர் இப்படித்தான் பேசுவார்" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். மறுநாள் அவர் ஒரு கூடை பிளம்ஸோடு வந்தார். வேறொருவர் ஊட்டி வர்க்கி பிஸ்கட் பொட்டலம் கொண்டுவந்தார். பிரஷர் குக்கரோடு வந்தவரை மட்டும் சுகுணா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

கூட்டத்தைக் கலைக்க ரவிச்சந்திரன் ஒரு தந்திரம் செய்தார். சேர விரும்புகிறவர்களுக்குப் பரீட்சை என்று அறிவித்தார். ஒரு கணக்குக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் விடை மட்டும் இருந்து வழி இல்லாத கணக்குகளை எழுதிப்போட்டார். அவற்றில் ஒன்றைக்கூட அவரால் போட முடிந்ததில்லை. எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தார். எட்டுப் பேர் அத்தனையையும் போட்டுவிட்டார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்த வருடம் அந்த எட்டுப் பேருக்கும் இடம் கிடைத்தது. ரவிச்சந்திரனுக்குக் கைராசி என்று ஊரே பேசியது. பரீட்சைக்கு முன்னால் பேனாவை அவர் கையில் கொடுத்து வாங்கிப்போக, முன்பின் தெரியாத பிள்ளைகளெல்லாம் வந்தார்கள்.

மூன்றாவது வருடம் டியூஷனில் சேர்வதற்கான பரீட்சை முடிந்த சாயங்காலம், கேத்தியில் காரட் மண்டி வைத்திருந்த ஆண்டி என்பவர் வந்தார். கையில் ஒரு மூட்டை முட்டைக்கோஸ். அவருடைய மகன் பாலன் பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்திருந்தான். பெயர் மட்டும் அழகாக எழுதியிருந்தான்.

"பையன் தேறலைங்க" என்றார் ரவிச்சந்திரன்.

"அது எனக்குத் தெரியுமுங்க மாஸ்டர். அதுக்குத்தான கூட்டியாந்தேன்."

"தெரிஞ்ச பசங்களைத்தானுங்க சேத்துக்கறது."

ஆண்டி மூட்டையைக் கீழே இறக்கிவைத்தார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். "தெரிஞ்ச பசங்களுக்கு வாத்தியாரு எதுக்குங்க?"

ரவிச்சந்திரன் முட்டைக்கோஸ் மூட்டையைத் திண்டாட்டத்தோடு பார்த்தார்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் ஆள் வந்து பிரின்சிபால் தனசிங் கூப்பிடுவதாகச் சொன்னார். போர்டில் பள்ளியின் பெயர் இருக்க, புகழ் டியூஷனுக்குப் போகிறதென்று நிர்வாகத்துக்குக் கோபமாம். ரவிச்சந்திரன் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

"நீங்க என்ன சொல்லிக்கொடுக்கறீங்க, வெளிப்படையாச் சொல்லுங்க" என்றார் தனசிங்.

"ஒண்ணுமில்லீங்க சார். கஷ்டமான பரீட்சை வெச்சு, போடத் தெரிஞ்ச புள்ளைகளா எடுத்துக்கறேன். அப்புறம் அவங்களே பாஸ் பண்ணிக்கறாங்க."

தனசிங் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க ஸ்கூல்ல எப்படிச் சேர்க்கறோம்னு நினைச்சீங்க? எல்.கே.ஜி.க்கே பரீட்சை. அம்மா அப்பாவுக்கும் சேர்த்து. பதினொண்ணாங் கிளாசுக்கு இன்னொண்ணு. அதுல தேறாதவங்களுக்கு டி.சி. கொடுத்துடறோம்." சாத்திய கதவை இன்னொருமுறை பார்த்துவிட்டு, "இதை வெளியே சொல்லிடாதீங்க" என்றார்.

"நா சொன்னா ஆருங்க நம்பறாங்க" என்றார் ரவிச்சந்திரன்.

இருவரும் டீ குடித்தார்கள். டீ சுமார்தான், இலை வாட்டம் போதவில்லை என்று ரவிச்சந்திரனுக்குத் தெரிந்தது. மரியாதைக்குக் கருத்துச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுகுணாவிடம் சொன்னார்: "இந்த வருஷம் பரீட்சையில தோத்துப்போன புள்ளைகளைத்தான் எடுக்கப்போறேன்."

தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சுகுணா அவரைப் பார்த்தாள். "குக்கரைத் திருப்பிக் கேப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பதினோரு பேர் வந்தார்கள். அவர்களிடம் "நீ போடு, பாக்கறேன்" என்றால் அவர்களும் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேறு வழியின்றி ரவிச்சந்திரன் படிக்க வேண்டியதாயிற்று. சுகுணா காலையில் மெஷினை மிதிக்க, பக்கத்தில் உட்கார்ந்து முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார். கோபம் வந்தது, தலைவலி வந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கும் வந்தது. பாலன் எந்தக் கணக்குக்கும் எக்ஸ் என்று விடை எழுதுவான். "எக்ஸ் என்னன்னுதான்டா கேக்கறாங்க" என்று கத்துவார். "அது தெரியாமத்தானுங்க சார் எக்ஸ்னு போட்டிருக்காங்க" என்பான் பாலன். இதில் நியாயம் இருப்பதாக ரவிச்சந்திரனுக்கே சில சமயம் தோன்றும். கடைசியில் ஒருநாள் புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் காரட் மூட்டைகளை வைத்து ஆரம்பித்தார். மூட்டைக்கு எத்தனை கிலோ என்று தெரியாது, மூட்டைகள் எத்தனை என்பதும் மொத்த எடையும் தெரியும் என்றால் பாலன் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிட்டான்.

"இப்ப மூட்டைக்குப் பதிலா எக்ஸ்" என்றார்.

"இவ்வளவுதானுங்களா?" என்றான் பாலன். அவன் குரலில் ஏமாற்றம்கூட இருந்தது.

முடிவுகள் வந்தன. பதினோரு பேரில் ஒருவரும் கிண்டிப் பக்கம் போகவில்லை. இரண்டு பேருக்கு ஊர் பேர் தெரியாத கல்லூரிகளில் இன்ஜினியரிங் கிடைத்தது. இரண்டு பேர் பெயில். மற்றவர்கள் தட்டுத்தடுமாறிக் கரையேறினார்கள். பாலன் கணக்கில் இருநூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

"மாஸ்டருக்குக் கைராசி போயிருச்சு" என்று வாசுகி மேல் ரோட்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். சரிவில் கார்கள் நின்றது நின்றுபோயிற்று. டெம்போக்காரர் ஹாரன் அடிக்காமல் போய்வந்தார். குக்கரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆண்டி மட்டும் வந்து ரவிச்சந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வந்ததை மறந்துபோய், கடைசியில் இந்த வருடம் மழை பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பாலன் மண்டிக்கே போய்விட்டான். எடை போடுகிறவர்கள் அவனிடம் ஜாக்கிரதையாக இருந்தார்கள்.

விலை கொஞ்சம் நிமிர்ந்தபோது பேக்டரி பூட்டைத் திறந்தார்கள். ரவிச்சந்திரன் பழைய வேலைக்குத் திரும்பினார். உருட்டும் மெஷினில் நிற்கும் மாரப்பன் ஒருநாள் அந்த இரைச்சலுக்கு நடுவே அவர் காதருகே வந்து கத்தினான்: "ஏனுங்க, கிண்டிக்கு ஒரு பையனை அனுப்பிச்சது நீங்கதானாமே?"

"அவனாப் போனான்" என்று ரவிச்சந்திரனும் கத்தினார். "பாலன்னு ஒரு பையன் இருந்தான், அவனைப் பாஸ் பண்ண வெச்சது நானு."

"எந்தப் பாலனுங்க?"

ரவிச்சந்திரன் வெறும் தாளில் தொடங்கித் தொண்ணூற்றாறு வரைக்கும், இடையில் வந்த எக்ஸையும் மூட்டையையும் விடாமல், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் மாரப்பனுக்கு ஒரு சொல்லும் காதில் விழவில்லை. ஆனாலும் சொல்பவரின் முகத்தைப் பார்த்து அவன் கடைசிவரை தலையாட்டிக்கொண்டு நின்றான்.