ரத்தம் நிற்காத பெண்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்று என் ஈறு சாயங்காலம் வரை கசிந்துகொண்டே இருந்தது. அவ்வளவுதான், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு முழுக்க நான் ரத்தம் நிற்காத பெண்ணாகிவிட்டேன். எழுபதுகளின் நடுவில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைதான் என் வேலை. ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்க்கிறவளுக்கு இப்படி ஒரு பட்டமா? பற்றிக்கொண்டு வந்தது.

என்னையே சோதித்தேன். காது மடலில் ஊசியால் குத்தி, வரும் ரத்தத்தை வடிதாளால் ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். நிற்க ரொம்ப நேரம் பிடித்தது. ரத்தத்தை அடைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கையிலோ குறையே இல்லை. லேப் டாக்டர், "ஏதாவது மருந்து சாப்பிடறியா?" என்று கேட்டபோது இல்லவே இல்லை என்றேன். எங்கள் வீட்டில் தலைவலி மாத்திரை மருந்தில் சேர்த்தி இல்லை. காலைக் காபியோடு தினம் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் ரயிலேறுவேன்.

மருத்துவ இதழ் ஒன்றைப் புரட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. ரத்தக்குழாயின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும்வரை தட்டணுக்கள் அதைச் சட்டை செய்யாமல் ஓடும். கிழிந்தால் அடியிலுள்ள நார் வெளியே தெரியும். அதில் போய் ஒட்டி, கைகளை நீட்டி, ரசாயனத்தைக் கக்கி மற்ற தட்டணுக்களைக் கூப்பிடும். கூட்டம் சேர்ந்தால்தான் அடைப்பு. என்னுடையவை ஒட்டின, ஆனால் கூப்பிடும் குரலை நான் தினம் போட்ட தலைவலி மாத்திரை பிடுங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்தினேன். புதுத் தட்டணுக்கள் ஊறிய பிறகு மறுபடி குத்திப் பார்த்தேன். ரத்தம் உரிய நேரத்தில் நின்றது.

அப்போதுதான் பல்லாவரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். "பல் விஷயத்தைப் பத்தி மூச்சு விடாதே" என்றாள் அத்தை. அதற்குள் யாரோ ஓதிவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நேராகவே கேட்டார்: "பிரசவத்துல ரத்தம் நிக்குமா? டாக்டர் சர்டிபிகேட் வாங்கிக் குடுங்க."

"தாராளமா. உங்க பிள்ளைக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்கம்மா" என்றேன்.

பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போனார்கள். "வாய்க்கொழுப்பு சீலையில வடியுது" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். வடியட்டும்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை தனியாக லேபுக்கு வந்தார். "அம்மா பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கும் டெஸ்ட் எடுங்க. ரெண்டு பேருக்கும் நார்மல்னு அம்மாகிட்ட சொல்லிடறேன்."

குத்தினேன், ஒற்றினேன். ரத்தம் ஒழுங்காக நின்றது.

"உங்க ரத்தம் நார்மல். ஆனா அன்னிக்கு எங்க வீட்டுல, உங்கம்மா அப்படிக் கேட்டப்ப நீங்க வாயே திறக்கலை. அதுக்கு எங்க லேப்ல டெஸ்ட் இல்லை" என்று சொல்லிவிட்டு, வெளியே காத்திருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.